மூன்றாம் பக்கத்தை எழுதியவள்

மார்ச் 3, திங்கள்

வேலை போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்றும் காலை எட்டரைக்குப் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டேன். அக்கா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "எங்கடி கிளம்பிட்ட?" என்றாள். பையைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டேன்.

பதினொரு வருடம். வார இதழின் மூன்றாம் பக்கம் முழுக்க நான் எழுதியது. மேலே ஆசிரியரின் படம், கன்னத்தில் கையை வைத்து யோசிப்பது போல. கீழே ஆசிரியரின் பெயர். அலுவலகத்தில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'கையெழுத்து'. அதைத் தவிர அவர் வேறு எதையும் எழுதி யாரும் பார்த்ததில்லை.

ஆட்குறைப்பு என்றார்கள். கையெழுத்து என்னை அறைக்குக் கூப்பிட்டுத் தேநீர் வரவழைத்தார். "வாசகர்கள் என்னைத்தானேம்மா படிக்கிறாங்க. உனக்குன்னு ஒரு பேர் இல்லையே. வெளியில போய் ஒரு பேர் சம்பாதிச்சுக்க."

அந்தத் தேநீரை நான் குடித்தேன். மிச்சம் வைக்காமல் குடித்தேன். 

மார்ச் 6, வியாழன்

இணையத்தில் எழுத்து வேலை பிடித்துத் தரும் தளம் ஒன்றில் சேர்ந்தேன். எழுதத் தெரிந்தவர்கள் கடை விரிக்கலாம். வேண்டியவர்கள் வந்து ஆர்டர் கொடுப்பார்கள். மாதிரிக்கு மூன்று கட்டுரை கேட்டார்கள். என் மூன்றாம் பக்கங்களில் நல்லவையாகப் பொறுக்கி அனுப்பினேன்.

மார்ச் 8, சனி

பதில் வந்துவிட்டது. "இக்கட்டுரைகள் ஏற்கெனவே வேறொருவர் பெயரில் வெளியானவை. பிறர் எழுத்தைத் தனது என்று அனுப்புவது விதிமீறல். இது முதல் எச்சரிக்கை."

நான் திருடியாம். என் எழுத்தை நானே திருடினேனாம்.

அந்தக் கையெழுத்து, அவனைச் சும்மா விடப் போவதில்லை. அவர் என்று எழுத இன்று கை வரவில்லை.

மார்ச் 12, புதன்

மாதிரி இல்லாதவர்களுக்கு அந்தத் தளத்தில் கடைசி வரிசை. பெயருக்குப் பதில் புனைபெயர் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 'வெள்ளைத்தாள்' என்று போட்டேன். என் பெயருக்கு அங்கே என்ன மரியாதை என்றுதான் பார்த்தாகிவிட்டதே.

முதல் வேலை: தலையணை. இருநூறு சொல். உட்கார்ந்து அழகாக எழுதினேன், தூக்கம் வராதவர்களைப் பற்றியெல்லாம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். உணர்ச்சி வேண்டாம், நீள அகலம் வேண்டும், தலைப்பில் 'கழுத்துவலி' வர வேண்டும், அப்போதுதான் தேடுகிறவர்கள் கண்ணில் படுமாம். சரி ஐயா. கழுத்துவலி.

நாளை குழாய். அதற்கு அடுத்தது ஷூ பாலிஷ்.

மார்ச் 28, வெள்ளி

இன்றைய இதழிலும் மூன்றாம் பக்கம் என்னுடையதே. போகும்போது ஒன்பது கட்டுரை கையிருப்பு வைத்துவிட்டு வந்தேன், கடமை தவறாதவள் அல்லவா. ஆறு தீர்ந்துவிட்டது. இன்னும் மூன்று. அதற்கப்புறம் என்ன செய்கிறார் பார்ப்போம்.

ஏப்ரல் 4

இரண்டு.

ஏப்ரல் 11

ஒன்று.

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் ஓர் ஆர்டர் வந்தது. கேட்டவர் பெயர் 'இலக்கிய அன்பர்'. முந்நூற்றைம்பது சொல்லில் மனதைத் தொடுகிற ஒரு கட்டுரை, அவசரம். குறிப்பில் எழுதியிருந்தார்: "முதல் பத்தியில் மழை வரட்டும். கடைசி வரியில் கண்ணில் தண்ணீர் நிற்க வேண்டும், கீழே விழக் கூடாது."

படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பதினொரு வருடம் திங்கட்கிழமை தவறாமல் கையெழுத்து என் மேஜை அருகில் நின்று சொன்ன அதே வாக்கியம். ஊரில் எத்தனை எழுத்தாளர் இருக்கிறார்கள், தேடித் தேடி என் கடைக்கே வந்து நிற்கிறார்.

அக்காவிடம் சொன்னேன். "முடியாதுன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லு" என்றாள்.

முடியும் என்று பதில் போட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கையெழுத்து கட்டுரை படிக்கும் அழகு எனக்குத் தெரியும். தாளை எட்டப் பிடித்து, நின்றபடி, முதல் பத்தி. அப்புறம் நேராகக் கடைசிப் பத்தி. "பிரமாதம்" என்று கையெழுத்து. நடுப்பகுதி என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

முதல் பத்தியில் மழை பெய்யவிட்டேன். கடைசி வரியில் தண்ணீர் கண்ணிலேயே நின்றது. நடுவில் இதை எழுதினேன்: "இந்தப் பக்கத்தில் நீங்கள் வாசித்த ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. பதினொரு வருடமாக ஒரு பெண் எழுதினாள். நான் என் படத்தைக் கொடுத்தேன். இரண்டு மாதம் முன்பு அவளிடம், உனக்கு ஒரு பெயர் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்."

இவ்வளவு வேகமாக நான் எழுதியதே இல்லை. அனுப்பி ஒரு மணி நேரத்தில் 'ஏற்கப்பட்டது' என்று வந்தது. ஐந்து நட்சத்திரம் வேறு. "பெயர் தெரியாதவர் என்றாலும் கைதேர்ந்தவர்" என்று பாராட்டு.

ஏப்ரல் 24, வியாழன்

மெய்ப்புத் திருத்துபவர் போனில் கூப்பிட்டார். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரர், கமாவுக்காகச் சண்டை போடுகிற மனிதர். மூன்றாம் பக்கம் அவர் கையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போக வேண்டும்.

"நாளைக்கு வர்ற மூணாம் பக்கம் படிச்சேன்," என்றார்.

"அப்படியா?"

"ரெண்டு எழுத்துப் பிழை இருந்துச்சு, திருத்திட்டேன். மத்தபடி ஆசிரியர் பக்கத்துல பொருளைத் தொடக் கூடாதுன்னு அவரே போட்ட உத்தரவு சுவத்துல ஒட்டியிருக்கு. நான் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவன்மா."

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஏப்ரல் 25, வெள்ளி

வந்துவிட்டது. அப்படியே வந்துவிட்டது. அவர் படத்துக்குக் கீழே, அவர் பெயருக்கு மேலே. பேருந்து நிறுத்தத்துக் கடையில் நின்றே மூன்று முறை படித்தேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். பதினொரு வருடத்துக்கு அப்புறம் இன்றுதான் பசி எடுத்துச் சாப்பிட்டேன்.

அக்கா தைத்துக்கொண்டிருந்த சட்டைக் காலரை விட்டுவிட்டு இதழை வாங்கி வாய்விட்டுப் படித்தாள். முடித்ததும் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி முன்னால் திருப்பினாள்.

"உன் பேரு எங்கடி?"

வாங்கிப் பார்த்தேன். ஒரு பெண். அந்தப் பெண். அவள். ஏழு இடத்தில் வருகிறேன், ஓரிடத்திலும் பெயர் இல்லை.

பயந்துபோய் விட்டுவிட்டேனா? இல்லை. எழுதும்போது தோன்றவே இல்லை. கை பழக்கப்பட்டுப்போய்விட்டது. அவனைப் பழிவாங்க உட்கார்ந்த அன்றும் என் பெயரை நானே போடவில்லை.

ஏப்ரல் 30, புதன்

அவர் ஒழிந்தார் என்று நினைத்தேனே. வாசகர்கள் உருகிவிட்டார்கள். இவ்வளவு பெரிய மனது யாருக்கு வரும், தன் தவறைத் தானே அச்சில் ஒப்புக்கொள்கிற ஆண்மை, படித்துவிட்டு அழுதேன் ஐயா என்றெல்லாம். முந்நூறு கடிதமாம், அடுத்த இரண்டு வாரம் மூன்றாம் பக்கம் முழுக்க அவைதானாம். போனில் சொன்ன மெய்ப்புக்காரர் குரலே செத்திருந்தது.

என் எழுத்திலேயே உயர்ந்தது இதுதான் போலிருக்கிறது. இதற்கும் அவருக்குத்தான் கைதட்டல்.

மே 10, சனி

அவருக்குப் பாராட்டுக் கூட்டம். அக்காவின் போனில் பார்த்தோம். மாலை, பொன்னாடை. அந்தப் பெண் யார் என்று எல்லாரும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதாக மேடையில் அறிவித்து, முன்வரிசையிலிருந்து மனைவியைக் கைப்பிடித்து மேலே ஏற்றினார்.

"அந்தப் பெண் வேறு யாருமில்லை. என் மனைவிதான். இனி மூன்றாம் பக்கத்தை அவளே எழுதுவாள்."

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. அந்த அம்மா சிரிக்கவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றார்.

அக்கா போனைக் கட்டிலில் எறிந்தாள். "வேலையை விட்டு அனுப்பினது பொண்டாட்டியவாமா? கேக்குறவனுக்கு மூளை வேணாம்?" என்றாள். வெட்கம்கெட்ட மனுஷன். நாசமாய்ப் போக.

மே 13, செவ்வாய்

அந்த அம்மாவே போன் செய்தார். மெய்ப்புக்காரரிடம் எண் வாங்கினாராம்.

"மேடையில ஏறுற வரைக்கும் எனக்கே தெரியாதும்மா. வெள்ளிக்கிழமைக்கு நான் எழுதணுமாம். ரெண்டு நாளா உக்காந்திருக்கேன், மழைன்னு ஒரு வார்த்தைதான் வந்திருக்கு. நீ எழுதிக் குடேன்."

"தர்றேன். கீழ என் பேரு வரணும்."

"அவர் ஒத்துக்க மாட்டார்."

"அப்ப அவரையே எழுதச் சொல்லுங்க."

பிறகு, "என் பேரையும்தான் அவர் மேடையில சொல்லல, கவனிச்சியா," என்றார். கவனித்திருந்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுதித் தரவில்லை. இந்த முறை என் கை எனக்குச் சொந்தம்.

மே 16, வெள்ளி

மூன்றாம் பக்கத்தில் பெயிண்ட் விளம்பரம். முழுப் பக்கம்.

மே 23, வெள்ளி

மெத்தை விளம்பரம். யார் எழுதியதோ, கழுத்துவலி இருக்கிறது. வாய்விட்டுச் சிரித்தேன்.

ஜூன் 2, திங்கள்

தளத்தில் 'வெள்ளைத்தாள்' என்பதை நீக்கிவிட்டு என் முழுப்பெயரைப் போட்டேன். பெயரை மாற்றினால் வாங்கிய நட்சத்திரமெல்லாம் போய்விடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம். புதிதாக மூன்று மாதிரி எழுதி ஏற்றினேன். இப்போதெல்லாம் முதலில் பெயரை எழுதிவிட்டுத்தான் தலைப்புக்கே வருகிறேன்.

ஜூன் 19, வியாழன்

என் பெயரில் முதல் விற்பனை. பழைய வீட்டைக் காலி செய்வது பற்றிய கட்டுரை. கட்டுமான நிறுவனம் நடத்துகிற ஒருவர் தன் இணையப் பக்கத்துக்காக வாங்கினார், என் பெயருடன் வெளியிடுவதாக ஒப்புக்கொண்டு. மாலையில் அவருடைய கருத்து வந்தது. நாலு நட்சத்திரம்.

என் பெயரை எழுதி, பக்கத்தில் 'அவர்களே' என்று சேர்த்து, இப்படி எழுதியிருக்கிறார்: "நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் அந்த மூன்றாம் பக்கத்து ஆசிரியரைப் படித்துப் படித்து அவர் நடையை அப்படியே காப்பியடிக்கிறீர்கள். இரண்டாம் பத்தியும் சவசவ. சொந்தமாக எழுதப் பழகுங்கள்."

அக்காவுக்கு வந்ததே கோபம். "இவனுக்கு நான் பதில் போடறேன், கொடு இப்படி" என்று போனைப் பிடுங்க வந்தாள்.

நான் கொடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அதையே படித்துக்கொண்டிருந்தேன். பதினொரு வருடத்தில் வந்த திட்டுகூட அவர் பெயருக்குத்தான் வந்தது. என்னை ஒருவர் பெயர் சொல்லித் திட்டுவது இதுதான் முதல் தடவை.

இரண்டாம் பத்தி சவசவதான். நாளை திருத்த வேண்டும்.