கறுப்பு நாயைக் கறுப்பாகவே எடுப்பது

என் ஒரேயொரு அக்காவுக்கு,

சுகமா என்று கேட்கமாட்டேன். கேட்டால் "ஓமடா, நல்ல சுகம்" என்றுதான் சொல்லுவாய். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அப்பாவைக் கடைசிவரை பேய்க்காட்டியவள் நீ.

உன்னுடைய நாய் வீமன் உயிரோடு இருக்கிறான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதை அப்பாவுக்கு நம்பவைக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியவேண்டும். ஏனென்றால் எல்லாவற்றுக்கும் காரணம் நீதான்.

கனடாவில் அண்ணையின் வீட்டில் இருந்த அப்பாவுக்கு நெஞ்சில் ஒப்பரேசன் செய்து, விமானம் ஏறக்கூடாது என்று மறித்து வைத்திருந்த நேரத்தில்தான் உன் புற்றுநோய் வருத்தம் முற்றியது. "அப்பாவுக்கு மூச்சும் விடாதையுங்கோ, அவரின்ரை நெஞ்சு தாங்காது" என்றாய். தலைமயிர் கொட்டிய பிறகும், கொட்டுவதற்கு முன் எடுத்த படங்களைத் தேடித் தேடி அவருக்கு அனுப்பினாய். அவரும் "பிள்ளை முந்தியைவிட வடிவாயிருக்கிறாள்" என்று அண்ணைக்குக் காட்டித் திரிந்தார். பிறகு ஒருநாள் உன் செத்தவீட்டை அதே போனில் பார்த்தார். அதோடு சரி. அதற்குப் பிறகு அவர் வீடியோ கோல் எடுப்பதில்லை. குரல் மட்டும்தான்.

உன்னில் எனக்குக் கோபம் இருக்கிறது, அக்கா. நீ செய்தது பிழை. செத்தவளோடு சண்டை பிடிக்கக்கூடாது என்று அம்மா சொல்கிறா. ஏன் பிடிக்கக்கூடாது?

போன மாரி தொடங்கிய நேரம் அப்பா கேட்டார்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. வீமனும் செத்துப்போட்டானோ?"

"என்னப்பா விசர்க்கதை? அங்கை குலைக்கிறான், கேக்கேல்லையோ?"

"அச்சுவேலியிலை வேறை நாய் இல்லையோ? எல்லா நாயும்தான் குலைக்கும்."

சரி, படம் எடுத்து அனுப்பினால் முடிந்தது என்று நினைத்தேன். பொழுதுபட்ட நேரம், நின்ற நிலையில், பிளாஷ் அடித்து எடுத்தேன். இருட்டுக்குள் இரண்டு பச்சை நெருப்பு. "இதென்ன, முனியே?" என்று அப்பா கேட்டார். அடுத்தநாள் மத்தியான வெயிலில் முற்றத்தில் வைத்து எடுத்தேன். சீமெந்து வெள்ளையாக எரிந்தது. நடுவில் வீமன், யாரோ ஊற்றிய தார் போலக் கிடந்தான். கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. இந்த நாயைப் படம் எடுப்பதும் கிணற்றைப் படம் எடுப்பதும் ஒன்றுதான்.

எனக்குப் பொறுமை இல்லையென்று உனக்குத் தெரியும். கிட்டப் போய், படம் முழுக்க நாயே நிறையும்படி எடுத்து அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். காங்கேசன்துறையில் ஒரு கூரையில் சோலர் தகடு பூட்டிக்கொண்டு நிற்கும்போது போன் அடித்தது.

"இது வேறை நாய்," என்றார் அப்பா.

"அப்பா!"

"எங்கடையன் கறுப்பு. இது சாம்பல். திரும்பவும் எனக்கு ஒரு செத்தவீட்டை ஒளிக்கிறியள். ஒருக்கா ஏமாந்தனான், அதே காணும்."

வைத்துவிட்டார். அதன்பிறகு எங்கள் வீட்டிலிருந்து போன கோல் ஒன்றையும் அவர் எடுக்கவில்லை. "சாப்பாடும் அரை வயிறுதான். அம்மாவுக்கும் ஏதோ நடந்திட்டுது எண்டு தனக்குத்தானே கதைக்கிறார்" என்றார் அண்ணை. அம்மா என் பக்கத்தில் குத்துக்கல்லாட்டம் நின்றபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தா. தான் உயிரோடு இருப்பதையே ஒரு மனிசி தன் புருசனுக்கு நிரூபிக்கவேண்டி வந்தால், அவ என்ன செய்வா?

அன்றைக்குத்தான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அப்பா சொன்னது சரி. நாய் சாம்பல் நிறம்தான். கமரா பொல்லாத சாமான், அக்கா. அதற்கு எதைக் காட்டினாலும் நடுத்தரமான வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு வரும். படம் முழுக்கக் கறுப்பு நிறைந்தால் "ஐயோ, இருட்டு" என்று தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கறுப்பு நாய் வெளிறிப்போகும். வெயிலையே அளந்து சம்பளம் வாங்குகிறவன் நான், இது எனக்கு முதலே விளங்கியிருக்கவேண்டும். திரையில் நாயின் முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் சின்னச் சூரியன் ஒன்று வரும். அதைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைக்கவேண்டும். அவ்வளவுதான் விசயம்.

ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கத்தால் விழுகிறது என்பதைப் போன் சரிசெய்யாது. ஞாயிற்றுக்கிழமை காலை, மழை விட்டு வானம் மூடலாக இருந்தது. வீமனைக் குசினி வாசலுக்குள் இருத்தினேன். வெளிச்சம் முற்றத்துப் பக்கமிருந்து மட்டும், மெதுவாக, அவனுடைய ஒரு கன்னத்தில் விழுந்தது. நான் வெளியே ஈரச் செம்மண்ணில் வயிறு பட, அவனுடைய கண் மட்டத்துக்குப் படுத்தேன். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"என்ன தம்பி, கோயிலிலை விழாத ஆள், நாய்க்கு விழுந்து கும்பிடுறாய்?"

"வரம் கேக்கிறன் மாமி. பேசாமல் நில்லுங்கோ."

"கேள், கேள். உனக்கு ஒரு பொம்பிளையும் சேத்துக் கேள்."

வீமன் வந்து போனை நக்கினான். துடைத்தேன். திரும்பப் போய் இருந்துகொண்டு வாலைக் கடித்தான். கூப்பிட்டால் எழும்பி வருவான், கூப்பிடாவிட்டால் பார்க்கமாட்டான். எரிச்சலில் எழும்பப் போனேன். அந்த நேரம் உள்ளே அம்மா காலைச் சாப்பாட்டுக்குப் பாணைப் பிய்த்தா. அந்தச் சின்னச் சத்தத்துக்கு அவனுடைய காது இரண்டும் நிமிர்ந்தன. முகம் வெளிச்சத்துக்குத் திரும்பியது.

அக்கா, நான் பட்டனை அழுத்த மறந்துபோனேன்.

இத்தனை வருசமாக இந்த நாயை மேலிருந்துதான் பார்த்திருக்கிறேன். அவனை நான் பார்த்ததே இல்லை. கறுப்பு என்று ஒரு நிறமே அவனில் இல்லை. காதோரம் கபிலம், கழுத்தில் காகச் செட்டை மினுங்குவது போல ஒரு நீலம், மூக்கு நுனியில் ஈரத்துக்குள் எங்கள் முற்றம் முழுதும். கண்ணைக் கறுப்பென்றுதான் நினைத்திருந்தேன்; அது தேன் நிறம், உள்ளே போகப்போக ஆழம். ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக வெளிச்சத்தை வாங்கி வைத்திருந்தது. இதை யார் இவ்வளவு கவனமாகச் செய்து, ஒரு தெருநாய்க்குட்டிக்குக் கொடுத்தார்கள்? கடவுள் விசயத்தில் நான் எப்படி என்று உனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மண்ணில் படுத்துக்கிடந்தபோது, மாமி சொன்னது பகிடியாகத் தெரியவில்லை.

எடுத்தேன். அண்ணையின் போனுக்கு அனுப்பி, "அப்பாவின்ரை கையிலை குடு. ஒண்டும் சொல்லாதை" என்றேன்.

காத்திருக்கும் நேரத்தில் கை சும்மா இருக்கவில்லை. அதே வாசலில் அலுமினியப் பானையை எடுத்தேன், பாதி திருவிய தேங்காயை எடுத்தேன், அம்மாவின் நனைந்த செருப்பை எடுத்தேன். ஒவ்வொன்றும் என்னைத் திருப்பிப் பார்ப்பது போல இருந்தது. உலகம் எப்பவும் இப்படித்தான் கிடந்ததா? நீ அந்தக் கடைசி மாதங்களில் அதே வாசலில் கதிரை போட்டு மணிக்கணக்காகப் பேசாமல் இருந்தாயே, இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாயா?

கடைசியில் அப்பாவே கோல் எடுத்தார்.

"தம்பி... வாயடியிலை நரைச்சுப்போனான்."

நான் அதைக் கவனிக்கவேயில்லை. திரும்பப் பார்த்தேன். நாடியில், மீசைக்குக் கீழே, வெள்ளை மயிர்.

"நான் வரேக்கை இந்த நரை இல்லை," என்றார். "அப்ப இது பழைய படமில்லை. இருக்கிறான். என்ன?"

"ஓமப்பா. இருக்கிறான்."

"கொம்மாவையும் உப்பிடி ஒண்டு எடுத்து அனுப்பு. பவுடர் போட விடாதை."

அம்மா வழமை போல மறுத்தா. "கண்ணெல்லாம் குழி விழுந்துபோச்சு, எனக்கென்னத்துக்கு இப்ப படம்?"

"அந்தக் குழியைத்தான் அவர் பாக்கவேணுமாம். இருங்கோ."

முணுமுணுத்தபடி வாசலில் வந்து இருந்தா. அழுத கண், சுருக்கம், நீ போன பிறகு வந்த நரை எல்லாவற்றையும் அந்த மூடல் வெளிச்சம் ஒன்றும் விடாமல் ஏற்றுக்கொண்டது. இவ்வளவு அழகாக அவவை நான் ஒருநாளும் கண்டதில்லை. அப்படியே அனுப்பினேன். பின்னேரம் அப்பா கோல் எடுத்து, அம்மாவோடு நெடுநேரம் கதைத்தார்.

அக்கா, உனக்கு ஒரு சத்தியம். இந்த வீட்டிலிருந்து இனி அவருக்குப் போகும் எந்த முகமும் அன்றைய முகமாகத்தான் இருக்கும்; வருத்தம் வந்தால் வருத்தத்தோடு, நரைத்தால் நரையோடு. உன்னுடைய படம் ஒன்றுதான் இனி எப்பவும் பழைய படம். அதை மட்டும் நான் என்ன செய்வேன்?

ஒருநாள் உன்னைவிட வயதில் மூத்துவிடப் போகிற,
உன் தம்பி