செவேரோ என்று பெயர் வைக்கும் முன்

அன்பு மகள் நோயெமிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவின் முட்டிவலியும் என் வாயும் வழக்கம்போல் இருக்கின்றன. அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளை ரூபனும் வயிற்றிலிருக்கும் என் பேரனும் சுகமாக இருக்க அந்தோனியாரை வேண்டிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் மாமியார் ஒஃபீலியா வந்தாள். சோளமாவில் கறி பொதிந்து நான் அவித்த தமாலேயை வயிறு நிறையத் தின்றுவிட்டு, கொஞ்சம் காஞ்சு போச்சு என்றாள். பிறகு, பேரனுக்கு செவேரோதான் பேரு, நம்ம ஊர் அலமோ கோட்டையில குதிரைப்படையில இருந்த எங்க முப்பாட்டன் பேரு, ரூபனும் சரின்னுட்டான் என்றாள். ஒளிப்பானேன், எனக்குப் பொறாமைதான். வருஷா வருஷம் அந்தப் படைக்காரர்களுக்குப் பூசை வைத்துப் பெயர் வாசிக்கும்போது அவள் புதுச் சால்வையோடு எழுந்து நிற்பாள், நான் உட்கார்ந்தே இருப்பேன். குதிரைக்காரர்கள் வருமுன் அது கோட்டையா என்ன, வெள்ளைக்காரச் சாமியார்கள் வேதம் பரப்ப வைத்த மிஷன். கல் சுமந்தது, வாய்க்கால் வெட்டியது, சோளம் விதைத்தது, அம்மை வந்து கொத்துக்கொத்தாகச் செத்தது எல்லாம் இந்த மண்ணின் பூர்வகுடிகளான நம் ஆட்கள். கோயிலுக்குக் கூரை முடிவதற்குள் ஆட்கள் குறைந்து, சாமியார்களும் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். அதன்பிறகுதான் தெற்கே அலமோ என்கிற ஊரிலிருந்து இவளுடைய செவேரோ கூட்டம் வந்து இறங்கியது. நாம் கட்டின வீட்டில் குடிவந்து, தங்கள் ஊர்ப் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். அப்புறம் ஒரு போர், பீரங்கி, முற்றுகை, சாவு. உலகமே வந்து பார்ப்பது அதைத்தான்.

எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். அதுக்கென்ன சம்பந்தி, உங்க ஆளுங்க பேரு ஒண்ணு சொல்லுங்க, அதையே வச்சிடலாம் என்றாள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ஞானஸ்நானத்தில் சாமியார்கள் கொடுத்த பெயர்கள்தான் நமக்குத் தெரியும், பாதிப் பேர் அந்தோனியோ. அதற்கு முன் பெற்றவள் கூப்பிட்ட பெயர் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. அவள் போனபின் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுதேன்.

சரி, செவேரோ என்றே வையுங்கள். ஆனால் சின்ன வயதில் நீ விழுந்து அழுதால் உன்னைத் தூக்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்வேனே, நினைவிருக்கிறதா? என் அம்மா எனக்குச் சொன்னது, அவளுக்கு அவள் அம்மா. அர்த்தம் கேட்டு என்னை நச்சரிப்பாய், யாருக்குமே தெரியாது, நம் ஆட்களின் அந்தப் பழைய மொழியே செத்துப்போயிற்று. அந்த மிஷன் மதிலுக்குள்ளிருந்து நமக்கு வந்து சேர்ந்தது அது ஒன்றுதான். பிரசவத்துக்கு ஒஃபீலியாதான் விமானம் ஏறுகிறாள், அப்பாவைத் தனியே விட்டு நான் எப்படி வர? பிள்ளை அவள் கைக்குப் போகுமுன், அந்தக் குதிரைக்காரன் பெயர் காதில் விழுமுன், நீ அதைச் சொல்லிவிடு.

இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. மாதா உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். ஒஃபீலியா அது என்ன வார்த்தை என்று கேட்பாள். சொல்லிக்கொடுத்துவிடாதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா எர்லிண்டா
சான் அன்டோனியோ