காயத்துக்குள் இருந்த துணி

வியாழன், இரவு.

ஹந்தானையில் பன்றிக்கு வைத்த கட்டுத்துவக்கின் கம்பியில் கால் இடறி, அது வெடித்துச் செத்தவரின் மனைவி இன்று மரண விசாரணைக்கு வந்திருந்தார். "வச்சவன கண்டுபுடிச்சிருவீங்கதானே மிஸ்?" என்று, பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரான என்னிடம் கேட்டார்.

தோட்டா என்றால் சுட்டபின் மிஞ்சும் அதன் வெற்றுக் கோதில் பதிந்த தடம் துவக்கைக் காட்டிக் கொடுக்கும். கட்டுத்துவக்கில் கோது கிடையாது. வெடிமருந்துக்கும் சன்னத்துக்கும் நடுவே திணித்த துணிதான் காயத்துக்குள் கிடைத்தது. பொலிஸார் அதை அவரிடம் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். கருகியதிலும் நீலப் பூ தெரிந்தது.

"இது எங்க வீட்டு ஜன்னல் சீலைங்க." பிறகு மெதுவாக, "அப்ப வச்சது அவருதானா?"

துணியைத் திரும்பப் பொதிந்து முத்திரையிட்டேன்.

அறைக்கு வந்ததிலிருந்து என் ஜன்னல் சீலையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதில் ஒரு துண்டு எங்காவது கிடைத்தால், என்னுடையது என்று சொல்ல ஆளில்லை.