இருபத்தெட்டுப் பாகைக் கிணறு

மே 23, சனி

சோளகக் காற்று இன்னும் எழும்பவில்லை. வேம்பில் ஓர் இலை அசையவில்லை. பகல் 2 மணி: இவருடைய அறையில் சூடு 35 பாகை. கிணற்றுத் தண்ணீர் 28. காலையும் 28, மாலையும் 28. நிலத்துக்கு வெயில் தெரியாது.

இதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு இவர் சூட்டில் இருக்கக் கூடாது என்று வைத்தியர். எங்கள் வீட்டுப் பழைய வயர் குளிரூட்டியைத் தாங்காது. மகன் சுதன் புதன்கிழமை கனடாவிலிருந்து வருகிறான். கொழும்பில் குளிரூட்டிய மாடிவீடு பார்த்துவிட்டானாம், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவானாம். இவர் என்னிடம் மட்டும், "அங்கை போனால் நான் செத்துப்போவன்." பாதிச் சாப்பாட்டில் எழும்பிவிட்டார்.

சுதன் வீட்டில் பனிக்காலத்தில் நிலத்துக்குள் குழாய் போட்டுச் சூடு எடுக்கிறார்கள். படம் அனுப்பியவனே அவன்தான். அங்கே சூடு தரும் நிலம் இங்கே குளிர் தராதா? கேட்டேன். "அம்மா, உது உங்கை சரிவராது." பார்ப்போம்.

வாங்க வேண்டியவை: கறுப்புக் குழாய், சின்ன மோட்டர், பழைய லொறி ரேடியேற்றர், மிளகாய்த்தூள்.

மே 24, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் வேலை. குழாயைச் சுருளாகக் கட்டி, கல் தொங்கவிட்டு, கிணற்றில் இறக்கினேன். அறையில் ரேடியேற்றர், அதற்குப் பின்னால் மின்விசிறி. சின்ன மோட்டர் சுற்றவிடும் குழாய்த் தண்ணீர் அறைச் சூட்டை வாங்கிக்கொண்டு போய்க் கிணற்றில் விட்டுவிட்டுத் திரும்பி வரும். அவ்வளவுதான்.

கிணற்றில் பாதிப் பங்கு பக்கத்து வீட்டு இரத்தினம் அண்ணைக்கு. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "ரீச்சர், குடிக்கிற தண்ணி சூடாகாதே?" வெப்பமானியை அவர் கையிலேயே கொடுத்தேன். "நாளைக்கும் அளந்து பாருங்கோ அண்ணை."

மே 25, திங்கள்

பகல் 2 மணி. விறாந்தை 35. அறை 30½!! கிணறு அதே 28. அளந்தவர் இ. அண்ணை.

முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தேன். இன்றுதான் எனக்கு நானே முழுப் புள்ளி போட்டுக்கொண்டேன். இவர்: "நீர் பெரிய ஆள்தான்." எழுதி வைக்கிறேன். இப்படியெல்லாம் சொல்லுகிற மனிதர் அல்ல.

மிளகாய்த்தூள் வாங்கவில்லை.

மே 26, செவ்வாய்

இ. அண்ணை மதிலடியில். "நாளைக்கு விடியக் கிணறு இறைக்க ஆக்கள் வருகினம் ரீச்சர். ஞாபகம்தானே?"

மறந்தே போனேன். மகளின் கலியாணத்துக்கு முன் கிணறு இறைத்துச் சேறு அள்ள வேண்டும் என்று போன மாதமே கேட்டார். "ஓம், புதன்கிழமை இறையுங்கோ" என்றவள் நான். கிணறு வற்றினால் சுருள் காற்றில் தொங்கும். சுதன் வருவதும் நாளைப் பகல் ரயிலில். பங்குக் கிணறு, கொடுத்த வாக்கு. மாற்றிக் கேட்க வாய் வரவில்லை. என்மேலேயே கோபம். சோறு அடிப்பிடித்தது.

மே 27, புதன்

காலை 7: இறைக்கும் மோட்டர் தொடங்கியது. 10 மணிக்கு அறை 32. பதினொன்றுக்கு 33. இவர் நெற்றியெல்லாம் வியர்வை. "கொழும்புக்கு உடுப்பை அடுக்கும்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

வெளியே வந்து நின்றேன். இறைக்கிற தண்ணீர் எல்லாம் வாழைக்கு ஓடுகிறது. கை வைத்துப் பார்த்தேன். அதே 28 அல்லவா!

"அண்ணை, தண்ணியை என்ரை தொட்டிக்குள்ளாலை விடுங்கோ!"

சுருளை இழுத்தெடுத்துக் குளிக்கும் தொட்டியில் போட்டோம். ஒரு பக்கத்தால் கிணற்றுத் தண்ணீர் விழ, மறுபக்கத்தால் வாழைக்கு வழிந்தது. இ. அண்ணையே குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மாப்பிள்ளை வீட்டார் வந்தாலும் அசையமாட்டன், நீங்கள் போய் அறையைப் பாருங்கோ."

1 மணி: 30½. சுதன் வாசலில் பெட்டியோடு. நான் முழங்கால்வரை சேறு. அறைக்குள் போனவன் சுவரைப் பார்த்தான், யன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"அப்பா, ஏசி எங்கை?"

இவர் கண்ணைத் திறக்கவில்லை. "முதல் அந்தப் போர்வையை எடுத்துத் தா மோனை. குளிருது."

பச்சைப் பொய். கழுத்துவரை இழுத்துப் போர்த்துக்கொண்டார். நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மே 28, வியாழன்

கிணறு ஊறி நிரம்பிவிட்டது. சுருள் பழைய இடத்தில். சுதன் காலையிலிருந்து கிணற்றுக்கட்டில். வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்குவதும் ஏற்றுவதும். "இருபத்தெட்டுத்தான் அம்மா." எனக்குத் தெரியாதா?

பிறகு கொழும்பில் வீடு பார்த்துத் தந்தவருக்குத் தொலைபேசி எடுத்தான். "வீடு வேண்டாம் அங்கிள். இல்லை, ஏசி வைக்கேல்லை. அம்மா செய்திருக்கிறா."

நான் கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்தேன், கேட்காதவள் போல.