அப்பா ஏசி போடுவதில்லை

அன்புள்ள கண்ணுக்கு,

நாங்கள் இங்கே சுகம் என்று வழக்கம்போல் எழுதத் தொடங்கி, அழித்துவிட்டேன். நீயாவது சுகமாக இருக்கிறாயா? போன வாரம் வீடியோவில் பார்த்தபோது உன் கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது. கேட்டால் லைட் சரியில்லை என்றாய். உன் அப்பாவும் இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் இப்படித்தான் ஏதாவது சொல்கிறார். அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே அச்சு.

இதை மருந்துக்கடைக் கம்ப்யூட்டரில், சாப்பாட்டு நேரத்தில் அடித்துக்கொண்டிருக்கிறேன். காலையிலிருந்து நின்று கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் வழியில்லை. நீ கூப்பிட்டாலே அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். இந்தக் கடிதம் பற்றி அவருக்குத் தெரியாது. எழுதக் கூடாது என்று வேறு சொல்லியிருக்கிறார்.

விஷயம் அந்தக் கார்தான். உன் கம்பெனிக் கார்.

வண்டி வந்த அன்றைக்கு இந்த மனிதரை நீ பார்த்திருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க டிரைவிங் ஸ்கூல் வண்டியில், பக்கத்து இருக்கையில், பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு 'மெதுவா, மெதுவா' என்று சொன்னவர். ஏரிக்கரைக்குப் பின்னால் இருக்கிற காலி ரோட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். 'பிடிச்சுக்கோ' என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். மிதித்தார் பார், என் மூக்குக்கண்ணாடி பின்சீட்டுக்குப் போய்விட்டது. சத்தமே இல்லை. வயிறு மட்டும் எங்கேயோ பின்னால் தங்கிவிட்டது. இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். திரும்ப ஒரு தடவை மிதிக்கச் சொன்னேன், மிதித்தார். 'நம்ம பொண்ணு செஞ்சதுடி இது' என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். பேட்டரி சூடாகாமல் பார்த்துக்கொள்கிற பிரிவில்தான் நீ இருக்கிறாய், முழு வண்டியையும் நீ செய்யவில்லை என்று நானும் திருத்தவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

அப்புறம்தான் வினை வந்தது. உன் மாமா ஊருக்கு அவனையும் ஏற்றிக்கொண்டு போனோம். ஒரு சார்ஜில் ஐநூற்று நாற்பது கிலோமீட்டர் என்று விளம்பரப் புத்தகத்தில் உன் படத்துக்குக் கீழேயே போட்டிருக்கிறார்கள் அல்லவா? போய்த் திரும்பினாலும் மிச்சம் இருக்கும் என்று அப்பா கணக்குப் போட்டிருந்தார். நல்ல வெயில். ஏசி ஓடியது, மூன்று பேர், பெட்டி. நெடுஞ்சாலையில் எல்லோரும் போகிற வேகத்தில்தான் போனார். திரையில் எண் இறங்கிய வேகத்தைப் பார்த்தால் எனக்கே பக்கென்றது. உன் மாமாவும் எங்களோடேயே திரும்பினான். வரும்போது பாதி வழியில் சார்ஜ் போட ஒரு ஓட்டலில் ஒதுங்கினோம். இரண்டு மெஷினில் ஒன்று செத்துக் கிடந்தது. இன்னொன்றில் எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம். எங்கள் முறை வந்தபோது பேட்டரி சூடாக இருக்கிறது என்று அது சொட்டுச் சொட்டாக ஏறியது. உன் மாமாவுக்கு வாய் சும்மா இருக்குமா? டீ குடித்துக்கொண்டே, 'அத்தான், கிளம்புறதுல இதுக்கு நிகர் இல்ல, போய்ச் சேர்றதுலதான் கொஞ்சம் கோளாறு' என்றான். அவன் சும்மா கேலிக்குச் சொன்னான். உன் அப்பா டீயைத் தொடவில்லை.

அன்றைக்கு ராத்திரி உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார், நினைவிருக்கிறதா? அந்த எண் நிஜமாகக் கிடைக்குமா என்று. நீ ஏதோ மீட்டிங்குக்கு ஓடிக்கொண்டிருந்தாய். 'கிடைக்கும்பா, ஓட்டுற விதத்துல இருக்கு' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

கண்ணு, உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் யாரிடம் சொன்னாய் என்று யோசித்துப் பார். இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவரிடம். சொந்த மகள் என்றும் பார்க்காமல், லைசென்ஸ் பரீட்சைக்கு இன்னும் தயாராகவில்லை என்று உன்னையே இரண்டு தடவை திருப்பி அனுப்பியவரிடம். போனை வைத்த பிறகு அவர் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டார். அப்புறம், 'என் மேலதான் தப்பு போல' என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை.

அதிலிருந்து பிடித்தது சனி. காலை வகுப்புகளை எல்லாம் உதவிக்கு இருக்கிற டிரைவர் தலையில் கட்டிவிட்டு, அந்த எண்ணை எடுத்துக் காட்டுகிறேன் என்று தினமும் நெடுஞ்சாலைக்குப் போய்விடுகிறார். பறக்கிற வண்டியை வாங்கி மாட்டு வண்டி மாதிரி உருட்டுகிறார். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுத் தாண்டிப் போகிறார்களாம். எடை குறையட்டும் என்று தரையில் விரித்திருந்த கால்மிதியை எடுத்துவிட்டார். என் குடையைக்கூட வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். நானும் வருகிறேன் என்றால், என்னை மேலும் கீழும் பார்த்து, கூட ஒரு ஆள் ஏறினால் கணக்கு உதைக்கும் என்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் எடையைப் பற்றி அவர் பேசியது இதுதான் முதல் தடவை.

சிரித்துக்கொள், நானும் முதலில் சிரித்தேன். ஏசி போடுவதில்லை என்று தெரிந்த பிறகுதான் சிரிப்பு போயிற்று. ஏசி கரண்டைத் தின்கிறதாம். ஜன்னலையாவது திறக்கலாமே என்றால், காற்று உள்ளே வந்து வண்டியை இழுக்குமாம், அதுவும் கூடாது. இந்த வெயிலில், கண்ணாடி எல்லாம் மூடி, தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உன் பேட்டரியைக் குளிர்விக்க எத்தனை ஏற்பாடு செய்திருக்கிறாய். அதை ஓட்டுகிறவருக்கு ஒரு துண்டுதான்.

போன செவ்வாய்க்கிழமை நான் கவுண்டரில் இருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. ஒரு லாரி டிரைவர். 'பயப்படாதீங்கம்மா, பெரியவர் பேசுறாரு, ஆனா தொப்பலா நனைஞ்சு கெடக்காரு. வண்டிக்குள்ள கை வைக்க முடியல, ஏசி ரிப்பேரா?' என்று கேட்டார். ஆமாம், ரிப்பேர்தான் என்றேன். வேறு என்ன சொல்வது? கண் இருட்டிக்கொண்டு வந்ததால் ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்மேல் சாய்ந்துவிட்டாராம். நிறுத்தத் தோன்றியதே, அதற்கு நான் எந்தச் சாமிக்கு நன்றி சொல்ல.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். உடம்பில் தண்ணீர் வற்றி, உப்பு இறங்கி, கிட்னி டெஸ்ட் அளவு ஏறியிருக்கிறது. அவர் சாப்பிடுகிற பிரஷர் மாத்திரையே உடம்புத் தண்ணீரை வெளியேற்றுகிற மாத்திரை. தினமும் அதை என் கையால்தான் கொடுக்கிறேன். இன்னொரு தடவை இப்படி ஆனால் கிட்னி திரும்பாமலே போகலாம், இதயமும் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இவர் டாக்டரிடம் அன்றைக்கு ஒரு வேளை பட்டினி இருந்ததாகச் சொல்லி வைத்திருக்கிறார். கண் திறந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா, திரையில் மிச்சம் எவ்வளவு இருந்தது என்று.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கிளம்புகிறார். மாமா ஊருக்குப் போய், நடுவில் எங்கும் சார்ஜ் போடாமல் திரும்பி வர வேண்டுமாம். சாவியை ஒளித்து வைக்கலாம் என்றால் உங்கள் வண்டிக்குச் சாவியே கிடையாது, போனில் திறக்கிறது. உன் மாமாவே பயந்துபோய் வீட்டுக்கு வந்து, தான் சொன்னது தப்பு என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினான். 'உனக்காக இல்லப்பா' என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் அழுதும் பார்த்துவிட்டேன், சண்டை போட்டும் பார்த்துவிட்டேன். எனக்கு அலுத்துவிட்டது, கண்ணு. வேலைக்கு வந்தால் வீட்டு நினைப்பு, வீட்டுக்குப் போனால் வாசலில் அந்த வண்டி.

நீ லீவில் வந்திருந்தபோது, அடுப்படியில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னது எனக்கு மறக்கவில்லை. அந்த எண் மூடிய அறைக்குள், குளிர்ந்த காற்றில், உருளைமேல் சக்கரத்தைச் சுழலவிட்டு எடுத்தது, ரோட்டில் எங்களுக்கே கிடைக்காதும்மா என்றாய். வேகமாகப் போவதற்காகப் போட்ட அகல டயரும் கனமான மோட்டாரும் அதில் பாதியைத் தின்னும் என்றாய். எனக்கு அப்போது பாதி புரியவில்லை. அதை அப்படியே உன் அப்பாவிடம் சொல். உனக்கும் அந்த வேலையில் எத்தனை நெருக்கடி, வெளியே எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று இருக்கும், தெரியாமல் இல்லை. கம்பெனியைத் திட்ட வேண்டாம். அந்த எண் யாருக்கும் கிடைக்காதுப்பா, நீங்கள் ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை என்று மட்டும் சொல். அன்றைக்கு அவசரத்தில் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று சொல்.

நான் சொன்னால், மகளை நம்பாதவள் என்கிறார். டாக்டர் சொன்னால் அவருக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்கிறார். உன் வாக்கு பொய்யாகிவிடக் கூடாது என்றுதான் அந்த அடுப்புக்குள் போய் உட்காருகிறார். அந்த வாக்கை நீயாகத் திரும்ப எடுத்துக்கொண்டால்தான் இறங்குவார்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். அதைப் பார்க்க அவரும் இருக்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரிக்குள் கூப்பிடு.

உன்னையே நம்பியிருக்கும்,
அம்மா