கடுவனுக்கு நீர் பிரிந்தது

தாது வருடம், மாசி மாதம், செவ்வாய் இரவு.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் நல்லம்மா எழுதுகிறாள்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் கடுவன் பூனை சாம்பல் மேட்டில் குந்திக் குந்தி எழுந்தது. மூத்திரம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அது முக்குவதைப் பார்த்த பக்கத்து வீட்டு முனியன், "பூனைக்கு வலி கண்டிருச்சுங்க, சாக்கு விரிங்க" என்றான்.

"கடுவன் எந்த ஊர்லடா குட்டி போடுது?" என்றேன்.

ஆனால் எனக்குப் பயம்தான். ஊரில் அம்மை வந்த வருடம் நான் வளர்த்த வெள்ளைப் பூனை இப்படி முக்கித்தான் செத்தது. அதன் முடியும் இதைப்போலவே காய்ந்த புல்லாக நின்றது. அது தின்றது கருவாடு.

"இதுக்கு என்னம்மா போடுற?"

"கருவாட்டுத் தலைங்க மாமா. ஆசையாத் தின்னுது. தண்ணிதான் தொடமாட்டேங்குது."

"உப்பைத் தின்னுட்டுத் தண்ணி குடிக்காட்டி மூத்திரம் எப்படி வரும்?"

அன்றே கருவாட்டை நிறுத்தினோம். ஏரிக் கெண்டையை உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, சாறோடு வைத்தோம். முதல் நாள் முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. மறுநாள் பசியில் சட்டியையே நக்கியது.

இன்று சாயங்காலம் மடித்து வைத்திருந்த என் வெளுத்த வேட்டிமேல் ஏறி நின்று நிதானமாகப் பெய்தது. நல்லம்மா விளக்குமாற்றைத் தூக்கினாள். "இரும்மா, முழுசாப் பெய்யட்டும்" என்று தடுத்தேன். முடி மினுங்க இன்னும் நாளாகும். ஆகட்டும்.

"கருவாட்டுச் சேதிய மட்டும் விட்டுடலாங்களா மாமா?" என்று கேட்கிறாள். அவள் கேட்டதையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.