விருப்பமா என்று கேட்டார்கள்

லெஸ்டர்
ஜூலை 2

அன்புத் தம்பி கிரீத்துக்கு அக்கா தருலதாவின் ஜெய் ஸ்ரீகிருஷ்ணா. நீ, பானு, பெண்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் இயந்திரம் என் ரத்தத்தைக் கழுவித் தருகிறது, மற்ற நாலு நாள் அந்தக் களைப்பில் கிடக்கிறேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வம்பளக்கும் மொம்பாசாக்காரர் போன வாரத்திலிருந்து வரவில்லை. ஏன் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. உன் சிறுநீரகம் எனக்கு நன்றாகவே பொருந்துகிறதாம். ஆனால் எடுக்க அனுமதி இல்லையாம். நீ சொந்த விருப்பத்தோடு தருகிறாய் என்று உறுதி செய்ய முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். உன் அத்தான் ரசிக் மூன்று தடவை படித்துக் காட்டினார். மூன்று தடவையும் அதேதான்.

நீ இங்கே வந்திருந்தபோது உன்னைத் தனியாக உட்காரவைத்து விசாரித்தாளே அந்த வெள்ளைக்கார அம்மாள், அவள் கைவேலைதான் இது. அன்று வெளியே வந்து காரில் நீ ஒவ்வொன்றாகச் சொன்னாய். விருப்பப்பட்டுத் தருகிறீர்களா என்று கேட்டாளாம். "இதுல விருப்பம் என்ன இருக்கு? அக்காவுக்குத் தம்பிதானே குடுக்கணும்" என்றாயாம். தராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாளாம். "அப்புறம் ஊர்ல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நடக்கறது?" என்றாயாம். கேட்கக் கேட்க எனக்குப் பெருமையில் கண் நிறைந்துவிட்டது. வழியில் வண்டியை நிறுத்தி உனக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். நம் ஊரில் இதைவிட நல்ல பதில் எவன் சொல்வான்? அந்தச் சூரத்துக்காரப் பெண்ணும் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்திருக்கிறாள், பாவி.

இவர்கள் வழக்கம் வேறு, கிரீத். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிரைவருக்குக்கூட நன்றி சொல்லும் ஊர் இது. இங்கே கடமை என்றால் யாரோ கழுத்தைப் பிடிக்கிறார்கள் என்று அர்த்தம். உபகாரம் என்றால்தான் மனசார என்று அர்த்தம். நமக்கோ சொந்த அக்காவிடம் உபகாரம் என்று சொன்னால் நாக்கு கூசும். கூசினாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

செப்டம்பர் 9ஆம் தேதி மறுபடி ஒரு வாய்ப்பு தருகிறார்கள். நீ சொல்லவேண்டியது இதுதான்: "நானே யோசித்து முடிவெடுத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. என் இஷ்டப்படி செய்கிறேன். எப்போது வேண்டுமானாலும் மாட்டேன் என்று சொல்லலாம், அது எனக்குத் தெரியும்." கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகு. சிரித்துத் தொலைக்காதே. ஞாயிற்றுக்கிழமை போனில் நான் அந்த அம்மாளைப்போலக் கேட்பேன், நீ ஒப்பிக்கவேண்டும்.

உன்னை விட்டால் எனக்கு வேறு வழியில்லை.

அக்கா

*

லெஸ்டர்
ஜூலை 29

அன்புத் தம்பி கிரீத்துக்கு,

இத்துடன் ராக்கிக் கயிறு வைத்திருக்கிறேன். எப்போதும்போல உன் சின்னவள் என் சார்பில் கட்டட்டும். மழை நன்றாகப் பெய்திருக்கிறது என்று ரசிக் சொன்னார். புகையிலை நாற்று நடும் நேரம், வயலில் உனக்கு ஓய்வே இருக்காது. அந்த வேலையை ஒற்றைச் சிறுநீரகத்தோடு எப்படிச் செய்வாய் என்று பானு ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. நானும் அவளைக் கேட்டதில்லை.

நாலு ஞாயிற்றுக்கிழமையும் ஒப்பித்தாய். முதல் மூன்று வாக்கியம் தண்ணீர்பட்ட பாடு. நாலாவதில் மட்டும் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டாய். மாட்டேன் என்று சொல்லலாம், தெரியுமா என்று நேற்று நான் கடுப்பாகவே கேட்டேன். நீ சிரித்தாய். அப்புறம், "மாட்டேன்னு சொல்ல என்னை எப்பக்கா பழக்கிவிட்டே?" என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய், தெரியும். நான் போனை வைத்துவிட்டேன். லைன் அறுந்துபோகவில்லை, நான்தான் வைத்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. அம்மா போய் நாலைந்து வருஷம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் கற்றுக்கொண்டு வந்து, நான் தட்டில் ரொட்டி போட்டதும் "தேங்க் யூ" என்றாய். பூரிக்கட்டையாலேயே உன் முதுகில் போட்டேன். நான் என்ன வழிப்போக்கியா, எனக்கு நன்றி சொல்கிறாய் என்று கத்தினேன். அதற்கப்புறம் நீ எனக்கு நன்றியும் சொன்னதில்லை, மாட்டேன் என்றும் சொன்னதில்லை. சொன்ன இடத்தில் உட்கார்ந்தாய், சொன்ன பெண்ணைக் கட்டினாய். என் தம்பியைப்போல உண்டா என்று இந்த ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

சிறுநீரகம் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்று உனக்குப் போன் செய்தேனே, என்ன சொன்னேன்? இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன். தருவாயா என்று கேட்கவில்லை. "டிக்கெட் போட்டாச்சு, வந்து சேரு" என்றேன். நீ எந்தத் தேதி என்று மட்டும் கேட்டாய்.

அந்த அம்மாளைக் காது கேட்காதவள் என்று இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன். நான் கேட்காத கேள்வியைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். உன் பதிலையும் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள்.

எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது, கிரீத். பெரிய மனசுக்காரியாக வேஷம் போட வரவில்லை. அந்தக் காலி நாற்காலிப் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருக்கிறேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சவேண்டும்போல் இருக்கிறது. ஆனால் நான் கெஞ்சினால் நீ வந்துவிடுவாய். அதனால் இனி ஞாயிற்றுக்கிழமை போன் செய்யமாட்டேன். நீயும் செய்யாதே.

விசாரணைத் தேதி மாறவில்லை, செப்டம்பர் 9 தான். இந்த முறை டிக்கெட் நான் போடவில்லை. பானுவோடு உட்கார்ந்து பேசு. அவள் பேசுவதை முழுக்கக் கேள். அதற்கப்புறம் நீ வந்தாலும் என் தம்பிதான், வராவிட்டாலும் என் தம்பிதான். வராவிட்டால் காரணம் எழுதாதே, எனக்குப் படிக்கத் தைரியமில்லை.

ராக்கி கட்டிய அக்காவுக்குத் தம்பி ஏதாவது தரவேண்டும் என்பது நம் வழக்கம். ஒரு வருஷமும் நீ தவறியதில்லை. இந்த வருஷம் ஒன்றும் தராதே. சும்மா கட்டிக்கொள்.

முழு உடம்போடு நூறு வயது இரு.

அக்கா
தருலதா